எங்கப்பன் குதிருக்குள் இல்லை: செஞ்சியின் வளைகூரைகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

எங்கள் ஊர்ப் பெயரே ஒரு கட்டடத்தின் பெயர்தான். கனகம்மாசத்திரம். சென்னையிலிருந்து திருப்பதி போகிற சாலையில், திருத்தணிக்குக் கொஞ்சம் முன்னால் வரும். பெயரில் கோயில் இல்லை, கோட்டை இல்லை. நடந்து வந்தவன் பொங்கித் தின்று, படுத்து எழுந்து போகிற சத்திரம் மட்டும் இருக்கிறது. இந்த மாதிரிக் கட்டடங்களுக்கு நம் கட்டடக்கலை நூல்களில் என்ன இடம் என்று எம்.ஏ. படித்த காலத்திலிருந்தே எனக்கு ஒரு உறுத்தல். அதிட்டானம், போதிகை, கொடுங்கை, விமானம், கோபுரம் என்று பக்கம் பக்கமாகப் போகும். சத்திரம், லாயம், நெற்களஞ்சியம் எல்லாம் 'பிற கட்டடங்கள்' என்கிற தலைப்பில் கடைசியில் ஒன்றரைப் பக்கத்துக்குள் முடங்கிவிடும். சாமி எங்கே இருந்தார் என்பது தெரியும். ராஜா எங்கே உட்கார்ந்தார் என்பதும் ஓரளவு தெரியும். நெல் எங்கே இருந்தது என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

இந்தக் கட்டுரை நெல் இருந்த இடத்தைப் பற்றியது. குறிப்பாகச் செஞ்சிக் கோட்டையில் கல்யாண மகாலையும் அரண்மனைப் பகுதியையும் ஒட்டி நிற்கிற வளைகூரைக் கட்டடங்களைப் பற்றியது. வளைகூரை என்று நான் சொல்வது இதுதான்: செங்கல்லையோ கல்லையோ வில் மாதிரி வளைத்துக் கட்டினால் அது கமான். அந்தக் கமானை நிறுத்தாமல் பின்னோக்கி நீட்டிக்கொண்டே போனால் ஒரு நீண்ட அறைக்குக் கூரை ஆகிவிடும். நடுவில் தூண் வேண்டாம், மேலே மர உத்தரம் வேண்டாம், கல் பாளமும் வேண்டாம். மாட்டுவண்டிக்கு மேல் கூண்டு கட்டுவார்களே, அந்த உருவம்.

கேள்வி சின்னதுதான். கோட்டைக்குள்ளேயே இருக்கிற வெங்கடரமணர் கோயிலைப் பாருங்கள். தூண், தூணுக்கு மேல் போதிகை, அதற்கு மேல் உத்தரம், அதற்கு மேல் கல் பாளம். அங்கிருந்து அரண்மனைப் பகுதிக்கு நடந்தால் களஞ்சியம், லாயம் என்று சொல்லப்படுகிற அறை வரிசைகள், உடற்பயிற்சிக் கூடம் என்று பெயர்ப்பலகை வைத்த கட்டடம் எல்லாம் கமான், கமான், கமான். ஒரே கோட்டை. சாமிக்கு உத்தரம், நெல்லுக்குக் கமான். இது ஏன் இப்படி?

2

செஞ்சி மூன்று குன்றுகளைச் சுவரால் கட்டிப்போட்ட கோட்டை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். விஜயநகரத்தின் கீழ் நாயக்கர்கள் இதைப் பெருங்கோட்டையாக வளர்த்தார்கள். 1597 வாக்கில் இங்கே வந்த பிமென்டா என்கிற ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பனை விட்டால் போர்ச்சுகலில்கூட இத்தனை பெரிய ஊர் கிடையாது என்கிற பொருளில் எழுதிவிட்டுப் போனார். 1649-இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677-இல் சிவாஜி பிடித்தார். 1698-இல் முகலாயர். 1750-இல் பிரெஞ்சுக்காரர். 1761-இல் ஆங்கிலேயர். இத்தனை பேர் கைமாறியதில் கொடி மாறியது, பாஷை மாறியது, சாமி கும்பிடுகிற திசை மாறியது. மாறாத ஒன்று உண்டு. வந்தவன் எல்லோருக்கும் அதே களஞ்சியம் வேண்டியிருந்தது.

கல்யாண மகால் என்பது ஒரு முற்றம், அதைச் சுற்றி அறைகள், அதில் எழுகிற பல அடுக்குச் சதுரக் கோபுரம். ஒவ்வொரு அடுக்கும் கமான்களின் மேல் நிற்கிறது. தலையில் மட்டும் கூம்பாக ஒரு கூரை, கோயில் விமானத்தை ஞாபகப்படுத்துகிற மாதிரி. எல்லோரும் இதைத்தான் படம் எடுக்கிறார்கள். பக்கத்தில் ஒட்டி வரிசையாக வளைகூரை அறைகள். குதிரை லாயம் என்பார்கள், சிப்பாய்களின் கொட்டடி என்பார்கள். அப்புறம் களஞ்சியம். தடித்த சுவர், இருட்டு, மேலே கவிழ்ந்து வருகிற காரை பூசிய கூரை, வௌவால் நாற்றம். படம் எடுக்க ஒன்றும் இல்லை. சிற்பம் கிடையாது, கல்வெட்டு கிடையாது, யாளி கிடையாது. இலக்கியப் பிரதியை வாசித்துப் பழகியவனுக்கு இந்தச் சுவரில் வாசிக்க எழுத்தே இல்லை.

நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது உடன் வந்த பெரியப்பா வாசித்தார். அவர் கொத்தனார். எங்கள் பக்கம் வீடு, தண்ணீர்த்தொட்டி, பள்ளிக்கூடம் என்று நாற்பது வருஷம் கட்டியவர். மூணு பஸ் மாறிக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கல்யாண மகாலை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. களஞ்சியத்துக்குள் போய் சுவரில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்.

"என்ன பெரியப்பா பாக்கறீங்க?"

"பாரம் எங்க எறங்குதுன்னு பாக்கறேன். உத்தரம்னா நேரா கீழ எறங்கும். இது அப்படி இல்ல, பக்கவாட்டுல தள்ளும். எந்நேரமும் தள்ளிக்கிட்டே இருக்கும்."

"அப்ப சுவரு சாஞ்சிடாதா?"

"அதுக்குத்தான் வரிசையா கட்டியிருக்கான். இவன் அவனைத் தள்ளுறான், அவன் இவனைத் தள்ளுறான், நடுவுல இருக்கிறவனுக்குக் கவலை இல்ல. ஓரத்துல இருக்கிறவன்தான்டா பாவம். அவனுக்கு அந்தப்பக்கம் ஆள் இல்ல. அந்தக் கடைசிச் சுவரை உடைச்சா வரிசையே ஒண்ணொண்ணா உக்காந்துடும்."

மையம், விளிம்பு என்று பத்து வருஷமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். விளிம்பு என்றால் ஒதுக்கப்பட்ட இடம், மையம் என்றால் தாங்குகிற இடம் என்பதுபோல ஒரு படம் நம் மனதில் இருக்கிறது. வளைகூரை வரிசையில் அது தலைகீழாகிறது. மையம் சும்மா இருக்கிறது. விளிம்புதான் முழுத் தள்ளலையும் வாங்கிக்கொண்டு நிற்கிறது. இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை, பெரியப்பா சொன்ன கணக்கைத்தான் சொல்கிறேன்.

3

ஏன் களஞ்சியத்துக்குக் கமான் என்பதற்கு முதல் பதில் பொறியியல் பதில். கல் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. இரண்டு தூணுக்கு நடுவில் ஒரு கல் உத்தரத்தைப் போட்டால் அதன் மேல்பகுதி அமுங்குகிறது, அடிப்பகுதி இழுபடுகிறது. கொஞ்சம் நீளம் கூடினாலும் அடியில் விரிசல் விழும். அதனால்தான் நம் கோயில்களில் சில அடிக்கு ஒரு தூண். ஆயிரங்கால் மண்டபத்தின் அழகு என்று நாம் பாடுவதற்குப் பின்னால் கல்லின் இந்த இயலாமை இருக்கிறது. கமானில் ஒவ்வொரு செங்கல்லும் பக்கத்துச் செங்கல்லை அமுக்கி மட்டும் நிற்கிறது, இழுவையே கிடையாது. ஆகவே சின்னச் செங்கல்லைக் கொண்டு பெரிய அகலத்தை மூடலாம். நெல்லுக்கு நடுவில் தூண் இருந்தால் இடம் வீண். மரக்கூரை போட்டால் கரையான் தின்னும், முற்றுகையில் தீ வைத்தால் போச்சு. செங்கல், சுண்ணாம்பு, மணல், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் என்று சேர்த்து அரைத்த காரை இறுகிவிட்டால் எலிக்கும் வழி இல்லை.

சரி, பொறியியல் பதில் இத்தோடு முடிகிறது. ஆனால் அது பாதிக் கேள்விக்குத்தான் பதில். கமான் இத்தனை வசதி என்றால், அதைக் கட்டத் தெரிந்த கொத்தனார் கோட்டைக்குள்ளேயே இருக்கும்போது, கோயில் மண்டபத்துக்கு ஏன் வரவில்லை?

இங்கேதான் நம்முடைய பழைய பதில் வந்து உட்காருகிறது. தூணும் உத்தரமும் இந்துக் கட்டடக்கலை, கமானும் குவிமாடமும் இஸ்லாமியக் கட்டடக்கலை. அரண்மனையில் இருப்பது சுல்தான்களிடமிருந்து வந்த 'செல்வாக்கு'. பெர்சி பிரௌனின் புகழ்பெற்ற நூல் இரண்டு தொகுதி. ஒன்று பௌத்த, இந்து காலங்களுக்கு, இன்னொன்று இஸ்லாமிய காலத்துக்கு. செஞ்சிக் களஞ்சியத்தை எந்தத் தொகுதியில் வைப்பீர்கள்? அதற்கும் முன்னால் 1876-இல் பெர்குசன் திராவிடப் பாணி என்று ஒன்றை வகுத்தபோதே, தெற்கத்திக் கோயிலின் பாணியும் அரண்மனையின் பாணியும் ஒட்டாமல் நிற்பதைக் கவனித்திருந்தார். கமான் உறங்குவதே இல்லை என்று இந்துக்கள் சொல்வதாக அவர் எழுதிவைத்தது இன்றுவரை மேற்கோளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பெரியப்பா சொன்ன 'எந்நேரமும் தள்ளிக்கிட்டே இருக்கும்' என்பதும் அதுவும் ஒன்றுதான். ஆனால் பெர்குசன் அதை இந்துக்கள் கமானை நம்பாததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். பெரியப்பா அதைக் கட்டுகிறவனுக்குத் தேவையான அறிவாகச் சொல்கிறார். ஒரே வாக்கியம் ஒருவரிடம் இனத்தின் குணமாகிறது, இன்னொருவரிடம் சுவரின் தடிமனாகிறது.

இந்து / இஸ்லாம் என்கிற இருமை எதிர்வு எவ்வளவு பலவீனமானது என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். கீழக்கரையின் பழைய ஜும்ஆ பள்ளிவாசலுக்குள் போய்ப் பாருங்கள். கருங்கல் தூண், போதிகை, உத்தரம், கல் பாளம். சிற்பத்தில் உருவம் இல்லை என்பதைத் தவிர, கோயில் மண்டபத்தின் அதே இலக்கணம். முஸ்லிம்கள் தொழுகிற இடத்தில் உத்தரம், இந்து நாயக்கர் நெல் வைத்த இடத்தில் கமான். மதத்தைக் கொண்டு இதை விளக்க முடியாது. எங்கள் பக்கத்துச் சந்திரகிரியை எடுத்துக்கொள்ளுங்கள். விஜயநகரத்தின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. 1960-இல் எல்லை திருத்தியபோது திருத்தணி இந்தப்பக்கம் வந்தது, சந்திரகிரி ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. அங்கே ராஜ மகால் மூன்று அடுக்கு, மரமே போடாமல் செங்கல், கல், சுண்ணாம்பு கொண்டு கட்டியது. வெளியே நின்று பார்த்தால் தலையில் விமானம் மாதிரி சிகரங்கள். உள்ளே போனால் தளங்களைத் தாங்குவது எல்லாம் கமானும் வளைவும். சட்டை ஒன்று, எலும்பு ஒன்று.

சென்னை செனட் ஹவுஸைக் (1874-1879) கட்டிய சிஷோம் மதுரைத் திருமலை நாயக்கர் மகாலைப் பழுதுபார்த்தவர். 1883-இல் சந்திரகிரி அரண்மனையைப் பற்றியும் எழுதினார். நாயக்கர்களின் கமானை அவர் உற்றுப் பார்த்தார், எடுத்துக்கொண்டார். கடைசியில் அந்தக் கட்டடங்களுக்குக் கிடைத்த பெயர் இந்தோ-சராசனிக். அதாவது அந்தக் கமானைக் கட்டிய கொத்தனாரின் பெயரோ, அதற்குள் இருந்த நெல்லின் பெயரோ அந்தப் பெயரில் கிடையாது. மறுபடி இரண்டு மதங்களின் பெயர்தான்.

4

கமான் நமக்கு அந்நியம் என்பதும் அரை உண்மைதான். எந்தக் கோபுரத்தையும் நிமிர்ந்து பாருங்கள். உச்சியில், கலசங்கள் வரிசையாக நிற்கிற இடத்தின் கீழ், நீளவாட்டில் கவிழ்ந்த ஒரு உருவம் இருக்கிறதே, அது என்ன? வண்டிக்கூண்டு. சிற்ப நூல்கள் அதைச் சாலை என்கின்றன. மூங்கிலை வளைத்து ஓலை வேய்ந்த பழைய வீட்டின் கூரை. மாமல்லபுரத்தில் பீம ரதத்தின் தலையில் இதே கூரையை ஏழாம் நூற்றாண்டுச் சிற்பி பாறையில் செதுக்கியிருக்கிறான். ஆக வளைகூரையின் உருவம் நம் புனித வெளியின் உச்சியிலேயே ஆயிரத்து முந்நூறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறது. ஆனால் அது கூரை இல்லை, கூரையின் படம். அது யாருக்கும் நிழல் தருவதில்லை, எதையும் மூடுவதில்லை. குறியியல் மொழியில் சொன்னால் குறிப்பான் மேலே போய்விட்டது. வேலை செய்கிற வளைகூரை கீழே, மதிலோரத்தில், நெல்லோடு இருட்டில் கிடக்கிறது.

இந்தப் பிரிவினை கோயில் மதிலுக்குள்ளேயே நடந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். பாபநாசம் பக்கத்தில் திருப்பாலைத்துறைக் கோயிலில் தஞ்சை நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இருக்கிறது. செங்கல்லால் உருண்டையாகக் கட்டிக் குவித்த பெரிய கட்டடம், மூவாயிரம் கலம் கொள்ளும் என்பார்கள். ஸ்ரீரங்கத்திலும் பெரிய உருண்டைக் களஞ்சியங்கள் உண்டு. அவற்றையும் கல் தூண் நட்டு உத்தரம் போட்டுக் கட்டவில்லை, செங்கல்லைக் குவித்துத்தான் மூடினார்கள். அப்படியென்றால் கமானும் குவிமாடமும் 'தீட்டு' என்பதால் கோயிலுக்குள் வரவில்லை என்று சொல்ல முடியாது. வந்திருக்கிறது. சாமியின் சோற்றைக் காக்க வந்திருக்கிறது. கருவறைக்கு மட்டும் போகவில்லை.

மேற்கு ஐரோப்பாவில் கதை வேறு. இங்கிலாந்தில் ஃபவுன்டன்ஸ் மடாலயத்தின் மேற்குக் கட்டடம் முந்நூறு அடி நீளம், முழுக்க வளைகூரை. கீழே மடத்தின் சரக்கு, மேலே உடலுழைப்புத் துறவிகள் படுக்கிற இடம். படித்த துறவிகள் வேறு பக்கம். அங்கேயும் வேலை செய்கிறவனும் சரக்கும் ஒரே கட்டடத்தில். ஆனால் அந்த நாடுகளில் பெரிய தேவாலயங்களுக்கும் அதே வளைகூரைதான். கடவுளுக்கும் கம்பளி மூட்டைக்கும் ஒரே கூரை நுட்பம், உயரமும் அலங்காரமும்தான் வேறு. 1536-1540-இல் எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு பல மடங்கள் நிலப்பிரபுக்களின் மாளிகைகளாயின. துறவிகள் புழங்கிய வளைகூரை அறைகள் மாளிகையின் ஒட்டுக் கட்டடமாக மிஞ்சின. அவர்கள் அதைப் படம் வரைந்து, அளந்து, வயதைக் கணித்துப் புத்தகம் போட்டார்கள். கடவுள் இருந்த கூரையும் அதுவே என்பதால் ஒட்டுக் கட்டடத்துக்கும் ஒரு மரியாதை கிடைத்தது. நமக்கு நுட்பமே இரண்டாகப் பிரிந்துவிட்டதால், உத்தரம் கலையாயிற்று, கமான் வெறும் கட்டுமானமாயிற்று.

ஒட்டுக் கட்டடம் என்கிற சொல்லையே கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்கலாம். தெரிதா ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். முழுமையானது என்று கருதப்படுகிற ஒன்றுக்கு வெளியிலிருந்து கூடுதலாக ஒன்று சேர்க்கப்படுகிறது என்றால், அந்த முழுமையில் ஏற்கெனவே ஒரு குறை இருந்தது என்று அர்த்தம். கல்யாண மகால் முழுமை, களஞ்சியம் ஒட்டு என்கிறோம். களஞ்சியம் இல்லாத கல்யாண மகாலை ஒரு வாரம் கற்பனை செய்து பாருங்கள். முதல் நாள் சமையல்காரன் போவான், மூன்றாம் நாள் குதிரைக்காரன், ஐந்தாம் நாள் சிப்பாய். ஏழாம் நாள் ராஜா, அடுக்குக் கோபுரத்தில் ஏறி நின்று எதிரி வருகிறானா என்று பார்க்கலாம், அவ்வளவுதான். களஞ்சியத்தோடு ஒட்டிக்கொண்டிருப்பது அரண்மனைதான்.

1690-இல் முகலாயத் தளபதி சுல்ஃபிகர் கான் செஞ்சியை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698-இல். எட்டு வருஷம். இந்த எட்டு வருஷத்தை வீரத்தின் கதையாக எழுதலாம், சூழ்ச்சியின் கதையாகவும் எழுதலாம், இரண்டும் எழுதியிருக்கிறார்கள். நெல்லின் கதையாக யாராவது எழுதியிருந்தால் எனக்குச் சொல்லுங்கள். தேசிங்குராஜன் கதைப்பாடலையும் யோசித்துப் பார்க்கிறேன். 1714-இல் செத்துப்போன அந்த ராஜபுத்திர இளைஞனைத் தமிழ் ஜனங்கள் தங்கள் ராஜாவாக எடுத்துக்கொண்டார்கள். அவனுக்காகச் செத்த நண்பன் முஸ்லிம் என்பது பாட்டுக்குப் பிரச்சினையே இல்லை. பாட்டு இந்து / இஸ்லாம் தொகுதி பிரிக்கவில்லை, அதில் நம் புத்தகங்களைவிட அது மேல். ஆனால் பாட்டைக் கேட்டவனுக்கும் குதிரைதான் ஞாபகத்தில் நிற்கிறது. லாயம் நிற்பதில்லை. குதிரைக்குக் கொள்ளு அளந்தவனும் நிற்பதில்லை.

5

குதிர் எங்கள் பாட்டி வீட்டில் இருந்தது. மண்ணால் வளையம் வளையமாக வனைந்து ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, சாணம் மெழுகி நிறுத்தியது. மேலே கொட்டுவார்கள், அடியில் ஒரு ஓட்டை, துணி அடைத்திருக்கும். பிடுங்கினால் நெல் கொட்டும். செஞ்சிக் களஞ்சியத்துக்குள் நின்றபோது எனக்குத் தோன்றியது இது குதிருடைய பெரியண்ணன் என்பதுதான். கடன்காரன் வந்து அப்பா எங்கே என்று கேட்டதற்கு, எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று பையன் சொன்னானாம். யாரும் குதிரைப் பற்றிக் கேட்கவில்லை. அவனே சொன்னான். மறைக்க நினைத்த இடத்தை மறுப்பே காட்டிக்கொடுத்துவிட்டது.

நம் கலை வரலாறும் இதைத்தான் செய்கிறது. கமான் எங்களுடையது இல்லை, அது வந்தேறி, அது செல்வாக்கு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஏன் சொல்லவேண்டும்? கமான் நம்முடையது என்று ஒப்புக்கொண்டால் களஞ்சியம் நம்முடையது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். களஞ்சியத்தை ஒப்புக்கொண்டால், அதற்குள் இருந்த நெல் யாருடையது என்று கேட்க வேண்டிவரும். மேல்வாரம், குடிவாரம் என்று பங்கு பிரித்த காலம். மேல்வாரம் கோட்டைக்குப் போனது. குடிவாரத்திலிருந்து உழுதவனுக்குக் கூலி நெல் போனது. அந்தக் கூலியும் போய்ச் சேராத கைகள் சேரியில் இருந்தன. கோயிலில் கல் உத்தரத்தைப் பார்த்துக் கைகூப்பும்போது இந்தக் கணக்கு ஞாபகம் வராது. களஞ்சியத்தின் தடித்த சுவரைப் பார்த்தால் வந்துவிடும். அந்தத் தடிமன் எதிரிக்காக மட்டும் போட்டதாக எனக்குத் தோன்றவில்லை. பஞ்ச காலத்தில் எதிரி மதிலுக்கு வெளியே மட்டும் இருப்பதில்லை.

பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன். அவர் ரொம்ப அசரவில்லை.

"நெல்லு யாருதுன்னு கேக்கற. செங்கல்லு யாரு அறுத்ததுன்னு கேளு."

எங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில் செங்கல் சூளைகளுக்குப் பஞ்சமில்லை. ஒடிசாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கல் அறுக்கிறார்கள். கொத்தடிமைகளாக மீட்கப்பட்ட செய்திகள் பேப்பரில் பலமுறை வந்திருக்கின்றன. அவர் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை.

6

செஞ்சி வெங்கடரமணர் கோயிலின் கருங்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்றைக்கும் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. தூணையும் உத்தரத்தையும் அப்படிக் கழற்றலாம். ஒவ்வொன்றும் தனித்தனி உறுப்பு, தனியாக எடுத்து நிறுத்தினாலும் அழகு. மியூசியத்துக்குப் போகும், கடற்கரைக்குப் போகும், பாரிசுக்குக்கூடப் போகும். வளைகூரையைக் கழற்ற முடியாது. ஒரு செங்கல்லை எடுத்தால் அது வெறும் செங்கல். எல்லாம் சேர்ந்து ஒன்றையொன்று அமுக்கிக்கொண்டு நிற்கிறவரைதான் அது வளைகூரை. அதைத் திருடவும் முடியாது, காட்சிக்கு வைக்கவும் முடியாது. இருக்கிற இடத்தில் இருக்கும், இல்லாவிட்டால் இடிந்து விழும். நாம் எதைக் கலை என்று அங்கீகரித்தோம் என்று யோசித்தால், பெரும்பாலும் கழற்றி எடுத்துப் போகக்கூடியதைத்தான் அங்கீகரித்திருக்கிறோம்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ செஞ்சியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள் என்கிற தலைப்பில் பன்னிரண்டு கோட்டைகள். பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று செஞ்சி. மராட்டியர் கையில் செஞ்சி இருந்தது 1677-இலிருந்து 1698 வரை, இருபத்தோரு வருஷம். இருபத்தோரு வருஷத்துக்கு மொத்தக் கோட்டையையும் எழுதிக்கொடுப்பதா என்று கோபப்படலாம். எனக்கும் கோபம் உண்டு. ஆனால் அதற்கு நம்மிடம் தயாராக இருக்கிற பதில் என்ன? இது மராட்டியர் கோட்டை இல்லை, தமிழர் கோட்டை. அல்லது நாயக்கர் கோட்டை. மறுபடியும் 'யாருடையது' என்கிற அதே கேள்வி, பட்டாவில் பெயர் மாற்றுகிற கேள்வி. பெர்குசன் கேட்டதும் அதுதான், பெர்சி பிரௌன் தொகுதி பிரித்ததும் அதற்காகத்தான். களஞ்சியம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாது. நாயக்கன் நெல், சுல்தான் நெல், மராட்டியன் நெல், பிரெஞ்சுக்காரன் நெல் எல்லாம் அதே கூரைக்குக் கீழேதான் கிடந்தது. எதற்காக, யார் உழைப்பில், யாரிடமிருந்து என்று கேட்டால்தான் அது வாயைத் திறக்கும். அப்படிக் கேட்கிற விமர்சனம் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை. கவிதைக்கும் நாவலுக்கும் கொண்டுவந்த வாசிப்பு முறைகளில் கொஞ்சத்தையாவது இந்தச் சுவர்களிடம் கொண்டுபோகலாம். எழுத்து இல்லாத பிரதியை வாசிக்க, எழுத்து மட்டும் படித்தவன் போதாது என்பதையும் சேர்த்து ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் வழியாகப் புது வீடுகள் வந்துகொண்டே இருந்தன. முக்கால்வாசி வீட்டு வாசலில் ஒரு கமான். உங்களுக்கு இது கட்ட வருமா என்று பெரியப்பாவைக் கேட்டேன்.

"இதெல்லாம் கமானே இல்லடா. உள்ள கம்பி போட்டு கான்கிரீட் பெல்ட் ஓட்டியிருக்கான். அதுக்குக் கீழ அட்டையை வளைச்சு வெச்சு பூசியிருக்கான். சும்மா ஷோவுக்கு."

"நெஜமானது?"

"எங்கப்பா கட்டினாரு. நான் கூட நின்னு சாரம் புடிச்சிருக்கேன். கடைசிக் கல்லைச் செருகுறப்ப ஒருத்தனும் பேச மாட்டான். சாரத்தை உருவுறப்பதான் தெரியும், நின்னுதா இல்லியான்னு. இப்ப என்னைக் கட்டச் சொன்னா கை வராது. எவன் சொல்றான்?"

கோபுர உச்சியில் ஒரு கூரையின் படம். வீட்டு வாசலில் ஒரு கமானின் படம். நடுவில் செஞ்சியில், பார்க்க யாரும் வராத இருட்டில், நிஜமான கமான் இன்னும் தள்ளிக்கொண்டே இருக்கிறது. ஓரத்துச் சுவர் இன்னும் வாங்கிக்கொண்டே நிற்கிறது. அது எத்தனை நாளைக்கு என்பது அந்தச் சுவருக்கு அடுத்த காரையை எந்தக் கை பூசும் என்பதைப் பொறுத்தது. அந்தக் கை இப்போது எங்கே இருக்கிறது, அதற்கு என்ன கூலி என்று பெயர்ப்பலகையில் எழுதியிருக்காது. போய்த்தான் கேட்கவேண்டும்.